யார் நிரப்பிய உக்கிராணம்?

லாரா இங்கல்ஸ் வைல்டரின் நாவல்வரிசையைத் ‘தன்னிறைவின் காவியம்’ என்று போற்றும் வாசிப்பு பிழையானது, தீங்கானதும்கூட. இப்படி எழுதுவதால் நண்பர்கள் சிலருக்கு என்மீது சினம் வரலாம். வரட்டும். இருபது வயதில் நேசித்த நூலை நாற்பது வயதிலும் அதே கண்களோடு படிக்கவேண்டும் என்கிற கட்டாயம் எவருக்கும் இல்லை. நேசத்தைக் கைவிடும்படி கேட்கவும் நான் வரவில்லை. எதை நேசிக்கிறோம் என்பதைச் சற்று நின்று பார்க்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

நகரத்தை உதறிவிட்டு, காட்டோரமாக ஒரு மரக்குடில் அமைத்துக்கொண்டு, மனைவி மக்களோடு எவரையும் சாராமல் வாழ்ந்துவிட வேண்டும் என்னும் கனவை இலக்கிய நண்பர்களின் உரையாடல்களில் அடிக்கடி கேட்கிறேன். சான்றாக முதலில் தோரோவின் ‘வால்டன்’ வரும். ஆனால் தோரோ மணமாகாதவர், தனியர். குடும்பக் கனவுக்குப் போதமாட்டார். (அவருடைய குடில் நின்ற நிலம் எமர்சனுக்குச் சொந்தமானது என்பதையும் யாரேனும் ஒருவர் நினைவுபடுத்திவிடுவார்.) எனவே அடுத்தபடியாக லாரா வருவார். அவருடைய நூல்களிலும் குறிப்பாக ஓர் இடம் வரும். டக்கோட்டாவின் புல்வெளியில், சில்வர் லேக் ஏரிக்கரையில், தன்னந்தனியாக நிற்கும் ஒரு வீடு. வெளியே பனியும் ஓநாய்களும். உள்ளே அடுப்பின் வெம்மை, தந்தையின் பிடில் இசை, தைத்துக்கொண்டிருக்கும் தாய், நான்கு பெண்மக்கள். ‘இதைவிட வேறென்ன வேண்டும்?’ என்று கேட்டுவிட்டு நண்பர் நம்மைப் பார்ப்பார்.

சரி, அந்த வீட்டுக்குள் சென்று பார்ப்போம்.

1879ஆம் ஆண்டு. சார்ல்ஸ் இங்கல்ஸ் மினசோட்டாவின் வால்நட் குரோவில் கடனும் நோயுமாகத் தத்தளிக்கிறார். மூத்த மகள் மேரி பதினான்கு வயதில் பார்வையை இழந்துவிட்டாள். (நாவல் இதற்குச் செங்காய்ச்சலைக் காரணமாகச் சொல்கிறது, மூளையையும் மூளையுறைகளையும் தாக்கிய வைரஸ் தொற்றாகவே இருந்திருக்கும் என்று 2013இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை வாதிடுகிறது.) அந்நிலையில் சார்ல்ஸின் சகோதரி ஒரு வேலையோடு வருகிறார். மேற்கு நோக்கி இருப்புப்பாதை போடும் முகாமில் பண்டகசாலையையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் வேலை. நாவலின்படி மாதம் 50 டாலர் சம்பளம். குடும்பம் டக்கோட்டாவுக்குப் பெயர்கிறது. குளிர்காலம் தொடங்கியதும் தொழிலாளர்கள் முகாமைக் கலைத்துக்கொண்டு கிழக்கே திரும்புகிறார்கள். நில அளவையாளர்கள் தங்கியிருந்த வீடும் கம்பெனியின் கருவிகளும் அங்கேயே கிடக்கும். அவற்றைக் காவல்காக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சார்ல்ஸ். 1879-80 குளிர்காலத்தை அக்குடும்பம் சில்வர் லேக் கரையில் கழித்தது இப்படித்தான்.

வீடு அவர் கட்டியதன்று; இரயில்வே கம்பெனியின் வீடு. உள்ளே நுழைந்ததும் சிறுமி லாரா ஒவ்வோர் அறையாக ஓடிப் பார்க்கிறாள். பிறகு உக்கிராண அறையைத் திறக்கிறாள். அலமாரிகளிலும் பீப்பாய்களிலும் மாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, அவரை விதைகள், உலர்ந்த ஆப்பிள், ஊறுகாய், பிஸ்கட்டுகள் என்று குளிர்காலம் முழுமைக்கும் போதுமான உணவு! அளவையாளர்கள் விட்டுச்சென்றது. வரிசையின் மிக அழகான பக்கங்களுள் இதுவும் ஒன்று என்பேன். பசியை அறிந்த ஒரு குழந்தை உணவைக் காணும் காட்சி எந்த மொழியில் எழுதப்பட்டாலும் அழகானதுதான்.

அவ்வழகை நான் மறுக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ‘எவரையும் சாராத குடும்பம்’ என்று ஒருவரால் எப்படிச் சொல்ல முடிகிறது என்பதே என் வியப்பு. கம்பெனி தந்த வீடு, கம்பெனி தந்த வேலை, கம்பெனி நிரப்பிய உக்கிராணம். நூலில் எதுவும் ஒளிக்கப்படவில்லை. ‘பை த ஷோர்ஸ் ஆஃப் சில்வர் லேக்’ (1939) இவை அனைத்தையும் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆயினும் வாசகர் நினைவில் எஞ்சுவது பிடிலும் அடுப்பும் மட்டுமே. குளிர்காலத்தின் நடுவே போஸ்ட் தம்பதியர் வந்து சேர்ந்து அண்டையில் தங்குவதும், அவ்விரு குடும்பங்களும் கூடிக் கழித்த மாலைகளும்கூட அவர்கள் நினைவில் தங்குவதில்லை.

இதில் பழி முழுவதும் வாசகருடையது அன்று. அடுத்த நாவலுக்கு வருவோம்.

‘த லாங் விண்டர்’ 1940இல் வெளிவந்தது. 1880 அக்டோபரிலேயே தொடங்கிவிட்ட பனிப்புயல்கள் 1881 வசந்தம்வரை ஓயாமல் வீசிய கடுங்குளிரின் கதை. ஏரிக்கு அருகே எழுந்த டி ஸ்மெட் என்னும் சிற்றூரில் தாம் கட்டியிருந்த கடைக்கட்டடத்துக்குச் சார்ல்ஸ் குடும்பத்தை அழைத்துவந்துவிடுகிறார். ஜனவரியில் இரயில் நின்றுபோகிறது. மே மாதம்தான் மீண்டும் வருகிறது. நிலக்கரி தீர்ந்துவிடுகிறது, வைக்கோலை முறுக்கி முறுக்கி அடுப்பிலிடுகிறார்கள். முறுக்கிய வைக்கோல் சில நிமிடங்களில் எரிந்துவிடும். எனவே யாராவது ஒருவர் முறுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். மாவு தீர்ந்துவிடுகிறது, காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கையுந்திரத்தில் கோதுமையை நாள் முழுதும் மாறி மாறி அரைக்கிறார்கள். தந்தையின் விரல்கள் குளிரால் விறைத்துப் பிடில் வாசிக்க முடியாமற்போகும் இடம், எத்தனை முறை படித்தாலும் என்னை உலுக்குவது.

நாவலில் அந்த வீட்டிலிருப்பவர்கள் ஆறு பேர். உண்மையில் அந்த வீட்டிலிருந்தவர்கள் ஒன்பது பேர்.

ஜார்ஜ் மாஸ்டர்ஸ் என்ற இளைஞரும் அவர் மனைவி மேகியும் அக்குளிர்காலம் முழுவதும் இங்கல்ஸ் குடும்பத்தோடு அதே வீட்டில் தங்கியிருந்தனர். அவர்களுக்கு அந்த வீட்டிலேயே ஒரு குழந்தை பிறந்தது. லாரா 1930 வாக்கில் எழுதி, எந்தப் பத்திரிகையும் ஏற்காமற்போய், 2014இல்தான் விரிவான குறிப்புகளோடு அச்சேறிய ‘பயனியர் கேர்ள்’ என்னும் தன்வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது. அவ்விருவரும் அடுப்பருகே இடம்பிடித்துக்கொண்டதும், வேலையில் தோள்கொடுக்காததும் லாராவுக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்தும் ஆறாத கசப்பாக இருந்திருக்கிறது. நாவலிலோ அவர்கள் இல்லை. குழந்தையும் இல்லை. ஏன் விடவேண்டும் என்பதைத் தாயும் மகள் ரோஸ் வைல்டர் லேனும் கடிதங்களில் விவாதித்தே முடிவெடுத்தார்கள்.

அந்தக் குளிரில், அந்தப் பட்டினியில், ஒரு பிரசவம். கரோலின் இங்கல்ஸ் அதை எப்படிச் சமாளித்திருப்பார்? இருந்த சிறிதளவு உணவை இரண்டு குடும்பங்களுக்கு எப்படிப் பங்கிட்டிருப்பார்? பொறுப்பற்ற விருந்தாளிகள்மீது வந்த எரிச்சலை எவ்வாறு விழுங்கியிருப்பார்? ஒரு பெரிய நாவலாசிரியருக்கு இதைவிடச் செறிவான பொருள் கிடைக்குமா? கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். எறிந்த காரணம் எளியது. ஊரே அடைபட்டுக் கிடக்கும் குளிரில் ஒரே கூரையின்கீழ்ச் சண்டையும் பங்கீடுமாக வாழ்ந்த இரு குடும்பங்களின் கதை, ‘தனித்து நின்று வென்ற ஒரு குடும்பத்தின்’ கதையாக இருக்கமுடியாது.

இங்கே ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவேன். ‘நாவல் என்றால் விடுதலும் சேர்த்தலும் இருக்கத்தானே செய்யும்? பேராசிரியர்கள் எல்லாவற்றையும் ஆவணமாகப் படிக்கிறார்கள்’ என்பார்கள். (நான் பேராசிரியனும் அல்லன், விரிவுரையாளன்; அது கிடக்கட்டும்.) புனைவாசிரியரின் உரிமையை மறுப்பவன் தமிழிலக்கியம் கற்பிக்கவே கூடாது. ஆனால் உரிமை வேறு, அது செயற்படும் திசை வேறு. இந்த நாவல்களில் விடப்பட்டவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். விடுபட்டவை எல்லாம் ஒரே திசையைக் காட்டும்.

வெட்டுக்கிளிகள் மினசோட்டாவின் விளைச்சலை அழித்த ஆண்டுகளில், 1875இன் இறுதியில், சார்ல்ஸ் இங்கல்ஸ் தாம் முற்றிலும் வழியற்றவர் என்று கையெழுத்திட்டு அரசு நிவாரணமாகத் தந்த மாவைப் பெற்றுக்கொண்டார். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிள்ளைகளின் பசிக்கு மாவு வாங்கிய தந்தை. நாவலில் அது இல்லை. மேரி, அயோவா மாநிலம் விண்டனிலிருந்த பார்வையற்றோர் கல்லூரியில் 1881 முதல் 1889 வரை பயின்றார். கல்விச்செலவை டக்கோட்டா பிரதேச அரசு ஏற்றது. நாவல்களிலோ குடும்பம் காசுகாசாகச் சேர்த்தும், லாரா தையல் வேலைக்கும் ஆசிரியப் பணிக்கும் சென்றும் அக்காளைப் படிக்கவைக்கிறார்கள். லாரா உழைத்தது மெய். அரசு செலுத்தியதும் மெய். முதலாவது கதையாயிற்று, இரண்டாவது காணாமற்போயிற்று. அயோவாவின் பர் ஓக்கில் ஒரு விடுதியில் குடும்பமே வேலைபார்த்த காலமும், கடனைக் கட்டமுடியாமல் இரவோடிரவாக அவ்வூரைவிட்டு வெளியேறியதும், ஒன்பது மாதக் குழந்தையாக 1876இல் இறந்த ஒரே மகனும் நாவல்களில் இல்லை. குழந்தையின் மரணத்தைச் சிறுவர் நூலில் தவிர்த்தார்கள் என்பதை ஏற்கிறேன். ஏனையவற்றை?

யாரிடமும் கையேந்தாத, யாருக்கும் கடன்படாத, தோற்றே போகாத ஒரு தந்தை நமக்குக் கிடைக்கிறார். உண்மையான சார்ல்ஸ் இங்கல்ஸ் மீண்டும் மீண்டும் தோற்றவர்; தோற்றபோதெல்லாம் யாரோ ஒருவர் கைகொடுத்து எழுந்தவர். அந்த மனிதரை எனக்கு அதிகம் பிடிக்கிறது.

1937இல் டெட்ராய்ட் நகரில் நிகழ்த்திய உரையில் லாரா, தாம் சொன்னவை அனைத்தும் உண்மை, ஆனால் முழு உண்மையன்று என்ற பொருள்படப் பேசியிருக்கிறார். நேர்மையான ஒப்புதல்தான். எனினும் இந்நூல்கள் ‘மெய்யான வாழ்க்கை’ என்ற முத்திரையோடுதான் விற்பனையாயின. எழுபதுகளில் தொலைக்காட்சித் தொடராகி இன்னும் பல கோடிப் பேரைச் சென்றடைந்தன. புனைவின் சலுகையையும் சான்றின் மதிப்பையும் ஒருங்கே கோருகிற ஒரு நூலை நாம் எந்தத் தராசில் நிறுப்பது?

ரோஸ் வைல்டர் லேனை விட்டுவிட்டு இதைப் பேச இயலாது. தாயின் கைப்பிரதிகளைச் செப்பனிட்டவர், சில இடங்களில் திருத்தியெழுதியவர். எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே பூசல் உண்டு. வில்லியம் ஹோல்ட்ஸ் 1993இல் வெளியிட்ட நூலில் ரோஸைத்தான் மறைந்திருந்த ஆசிரியர் என்றார், பலர் அதை ஏற்கவில்லை. எனக்கு அப்பூசலில் ஆர்வமில்லை. ரோஸ் தம் சொந்தப் பெயரில் 1933இல் வெளியிட்ட ‘லெட் த ஹரிக்கேன் ரோர்’ நாவலைப் பார்த்தாலே போதும். சார்ல்ஸ், கரோலின் என்ற தம் பாட்டன் பாட்டியின் பெயர்களையே பாத்திரங்களுக்கு இட்டு, கணவன் வேலைதேடிப் போய்விட, கைக்குழந்தையோடு ஒரு மண்குடிலில் தனியாகக் குளிர்காலத்தைத் தாக்குப்பிடிக்கும் இளம்பெண்ணின் கதையை எழுதினார். பெருமந்தத்தின் நடுவே, மக்கள் வேலையிழந்து கஞ்சிவரிசையில் நின்றுகொண்டிருந்தபோது வெளிவந்த கதை இது. ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களை ரோஸ் அறவே வெறுத்தார். 1943இல் ‘த டிஸ்கவரி ஆஃப் ஃப்ரீடம்’ என்ற நூலை எழுதினார். அயன் ராண்டின் ‘த ஃபௌண்டன்ஹெட்’ வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அரசு என்பதே தனிமனிதனுக்குத் தளை என்ற அமெரிக்கச் சிந்தனைப்பள்ளி இவ்விருவரையும் தன் அன்னையர் வரிசையில் வைத்து வணங்குகிறது. ரோஸின் வாரிசாக லாராவின் நூலுரிமையைப் பெற்ற ரோஜர் மாக்பிரைட், 1976இல் லிபர்டேரியன் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றவர். பிடிலும் அடுப்பும் எந்தக் கட்சியின் அடுக்களைக்குப் போய்ச் சேர்ந்தன என்று பாருங்கள்!

லாராவும், ரோஸ் அளவுக்கு உரத்த குரலில் இல்லாவிட்டாலும், அக்கருத்தினர்தான். ஆனால் அவரே 1917 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் மிசௌரியின் மான்ஸ்ஃபீல்டில் பண்ணைக்கடன் சங்கத்தின் செயலர்-பொருளாளராக இருந்து, கூட்டரசின் சட்டம் வழங்கிய குறைந்த வட்டிக் கடன்களை அண்டை விவசாயிகளுக்குப் பெற்றுத்தந்தவர். அரசுப் பணம் ஒரு விவசாயிக்கு என்ன செய்யும் என்பதை அவரளவு அறிந்தவர் அவ்வூரில் வேறெவர் இருந்திருப்பார்?

எல்லாவற்றுக்கும் மேலாக நிலம். சார்ல்ஸ் 1880இல் பதிவுசெய்துகொண்ட 160 ஏக்கர், 1862இன் குடியேற்ற நிலச் சட்டம் தந்தது. ஐந்தாண்டுகள் குடியிருந்து உழுதால் நிலம் சொந்தம். ஓர் அரசு தன் குடிகளுக்கு வழங்கிய மாபெரும் இலவசங்களுள் ஒன்று அது. ‘தன் கையே தனக்குதவி’ என்போர் தாம் நிற்கும் நிலத்தைச் சற்றுக் குனிந்து பார்த்தல் நலம்.

அந்த நிலத்தை அரசு எங்கிருந்து எடுத்துக் கொடுத்தது? அதே 1862இல் மினசோட்டாவில் டக்கோட்டா மக்கள் போரில் தோற்றனர். டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் முப்பத்தெட்டு டக்கோட்டா ஆண்கள் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டு அம்மக்கள் மினசோட்டாவைவிட்டே வெளியேற்றப்பட்டனர். கான்சாஸில் இங்கல்ஸ் குடும்பம் 1869இல் குடிலமைத்த இடம் சட்டப்படி ஓசேஜ் மக்களின் நிலம். அவர்கள் குடியேறியது உரிமையின்றி. அந்தக் கான்சாஸ் நாவலின் தொடக்கத்தில், அங்கே மனிதர்களே இல்லை என்று சொல்லி, இந்தியர்களை மனிதக் கணக்குக்கு வெளியே நிறுத்திய ஒரு தொடர் இருந்தது. வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு பதிப்பகம் 1953இல் ‘மனிதர்கள்’ என்பதைக் ‘குடியேறிகள்’ என்று மாற்றியது. 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைகள் பிரிவு, லாராவின் பெயரிலிருந்த விருதின் பெயரையே மாற்றியது. அப்போது எழுந்த கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

அக்கூச்சலில் இரு தரப்பாரும் ஒன்றைத் தவறவிட்டார்கள் என்பது என் துணிபு. எதிர்த்தவர்கள் இழிசொற்களை எண்ணினார்கள்; ஆதரித்தவர்கள் ‘அது அக்காலத்து வழக்கம்’ என்றார்கள். நிலம் வெறுமையாக இருந்தது என்னும் பொய்யும், குடும்பம் தனித்து நின்றது என்னும் பொய்யும் ஒரே தாயின் பிள்ளைகள். டக்கோட்டா மக்களை நிலத்திலிருந்து அழித்துக் காட்டிய அதே கைதான் மாஸ்டர்ஸ் தம்பதியரை அடுப்பருகிலிருந்தும், நிவாரண மாவைப் பானையிலிருந்தும் அழித்தது. முதற்பொய்யைக் கண்டித்துவிட்டு இரண்டாவதைத் தாலாட்டுப் போலக் கேட்டுக்கொண்டிருப்பது என்ன விமர்சனம்? தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று சொல்லிவிட்டு அங்கே நின்றுவிடவில்லை. தெய்வமும் உணவும் தொழிலும் பறையும் யாழும் சேர்ந்த பிறகுதான் அவருக்கு அது ஒரு திணை. ஆளில்லாத முல்லையை அவர் எழுதவில்லை. அந்த இலக்கணத்தில் பயின்ற நாமுமா ‘மனிதர் காலடி படாத வனாந்தரம்’ என்ற சொற்றொடரைக் கண்டு மயங்குவது?

‘த லாங் விண்டர்’ நாவலிலேயே இதற்கெல்லாம் எதிர்ச்சான்று இருக்கிறது, அதுதான் வேடிக்கை. ஊர் பட்டினியின் விளிம்பில் இருக்கும்போது அல்மன்சோ வைல்டரும் அவர் நண்பர் கேப் கார்லண்டும் உயிரைப் பணயம்வைத்துப் பனிவெளியில் சென்று கோதுமை வாங்கி வருகிறார்கள். கூலி கேட்கவில்லை. கடைக்காரர் லாஃப்டஸ் அதையே புஷல் 1.25 டாலருக்கு வாங்கி 3 டாலருக்கு விற்க முயல்கிறார். ஊரார் திரண்டுபோகிறார்கள். சார்ல்ஸ் அமைதியாக வாதாடுகிறார். கடைக்காரர் வாங்கிய விலைக்கே விற்க இசைகிறார். பிறகு குடும்பங்களின் தேவைக்கேற்பக் கோதுமை பங்கிடப்படுகிறது. சார்ல்ஸின் வாதத்தைச் சந்தையின் மொழியில் அமைத்திருக்கிறார்கள்: நீ உன் விருப்பப்படி விற்கலாம், நாங்களும் எங்கள் விருப்பப்படி நாளை உன் கடையைப் புறக்கணிக்கலாம் என்பதே அதன் சாரம். ரோஸின் கையோ லாராவின் கையோ, அந்த மொழி 1940இன் அரசியல் மொழி. ஆனால் காட்சி மொழிக்கு அடங்கவில்லை. பசித்த ஓர் ஊர் ஒன்றுகூடித் தன் உணவைத் தேவைப்படி பங்கிட்டுக்கொள்கிறது. எழுதியவர்களின் கொள்கையை எழுத்து மீறும் இடம் இது. இலக்கியம் என்று நான் கருதுவது இந்த மீறலைத்தான். தன்னிறைவுக் காவியம் என்று கொண்டாடுபவர்கள் இக்காட்சியைப் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவதில்லை.

காட்டோரக் குடிலுக்குப் போக விரும்பும் நண்பர்கள் போகட்டும், எனக்குத் தடையில்லை. வண்டியில் ஏற்றிச் செல்லும் அரிசியை விளைவித்தவர் யார், சாலையைப் போட்டவர் யார், அந்தக் காட்டில் முன்பு இருந்தவர் யார் என்று மனைவி கேட்டால் சினம் கொள்ளாதிருக்கட்டும். அவர் கேட்கக்கூடும், வைக்கோல் முறுக்குவதும் கோதுமை அரைப்பதும் யார் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்நாவல்களைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று நண்பர் ஒருவர் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரவேண்டியவைதாம். ஆனால் ‘த லாங் விண்டர்’ நாவலை மட்டும் தனியாகக் கொண்டுவர வேண்டாம். ‘பயனியர் கேர்ள்’ நூலில் அதே குளிர்காலத்தைச் சொல்லும் பகுதியையும் மொழிபெயர்த்து, பின்னிணைப்பாகவாவது சேர்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். மாஸ்டர்ஸ் தம்பதியர் எவ்வளவு சோம்பேறிகளாக இருந்திருந்தாலும் சரி, அவர்களுக்கும் அந்த வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தமிழிலாவது அடுப்பருகே ஓர் இடம் கிடைக்கட்டும்.